சந்தனப் பொட்டு வைத்த ஃப்ளாப்பி

கோபம் வந்தால் நான் பாத்திரத்தை உருட்டுகிறவள் இல்லை. எதையாவது கழற்றிப் பார்ப்பேன். எங்கள் வீட்டு மிக்சி, மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாமே என் கோபத்தில் ஒரு முறையாவது பிரிந்து சேர்ந்தவைதான். பாகூர் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்துக்கு மருமகளாக வந்த எனக்கு இந்தப் பழக்கம் நன்றாகவே கைகொடுத்தது. போர் மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக்குக்குப் போன் போடுவதற்கு முன்னால் என் கணவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அன்றைக்கு நான் கோபமாக இருந்தால் அவருக்குச் சந்தோஷம், செலவு மிச்சம்.

ஒரு காணும் பொங்கலுக்கு என் மகள் தன்னோடு வேலை செய்யும் மூன்று பெண்களை வீட்டுக்கு அழைத்து வந்தாள். சென்னையில் புரோகிராம் எழுதுகிற வேலை அவளுக்கு. வந்த பெண்கள் நல்ல மாதிரி. வாசலில் நான் போட்டிருந்த சிக்குக் கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது அதில் ஒருத்தி, "ஆன்ட்டி, இந்தக் கோலத்தை ஒரு புரோகிராமாவே எழுதிடலாம் போல இருக்கே" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நான் எழுதியிருக்கேன்மா. கல்யாணத்துக்கு முன்னாடி, வில்லியனூர்ல கம்ப்யூட்டர் படிச்சப்ப. ஏழு புள்ளி ஏழு வரிசை. ஒரே கோடா கிளம்பி நாலு மூலையும் சுத்திட்டு ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து சேரும்" என்றேன்.

மூன்று பேரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அந்த மரியாதையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "புக்ல இருந்ததைப் பாத்து டைப் அடிச்சிருப்பம்மா. அப்பல்லாம் அப்படித்தானே சொல்லிக் குடுப்பாங்க" என்றாள்.

"இல்லடி, நானே எழுதினது" என்றேன்.

"சரிம்மா, சரிம்மா" என்றாள். இரண்டு முறை 'சரிம்மா' சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். இருபத்தைந்து வருடமாக அவளை வளர்க்கிற எனக்கு அது தெரியாதா?

மோர் ஊற்றிக்கொண்டிருந்த என் கணவர்தான் பேச்சை முடித்து வைத்தார். "அந்த ஃப்ளாப்பி பீரோவுலதான் இருக்குது. வருசா வருசம் ஆயுத பூசைக்கு எடுத்து நான்தான் வைக்கறேன்" என்றார். சாட்சி சொல்லிவிட்ட திருப்தியில் அவர் கை கழுவப் போய்விட்டார். சாட்சி என்னவோ பலமாகத்தான் இருந்தது. ஆனால் ஃப்ளாப்பிக்குள் இருப்பது என்ன என்று அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

அன்று எல்லோரும் கிளம்பிப் போன பிறகு என்னைத் தின்றது மகள் சொன்ன சொல் மட்டும் இல்லை. எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரே பெருமையை ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தால் அது நடந்ததா, நாமே கட்டிக்கொண்டதா என்று ஒரு கட்டத்தில் புரியாமல் போய்விடுகிறது. வில்லியனூரில் தேர் ஓடுகிற வீதியில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு கம்ப்யூட்டரில் இரண்டுதான் ஓடும். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போக வேண்டும். படிப்பு முடிகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள், நன்றாக எழுதினால் அடுத்த பேட்சுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. நடுவில் கல்யாணம் கூடி வந்துவிட்டது. இதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் புரோகிராமின் ஒரு வரிகூட என் நினைவில் இல்லை. ஒருவேளை புத்தகத்தைப் பார்த்து அடித்ததுதானோ? அப்படி இருந்தால் நான் எத்தனை பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்!

பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் தப்பு என் அவசரத்தில் வந்தது. ஆன்லைனில் தேடி, யூஎஸ்பியில் செருகுகிற ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை ஆர்டர் போட்டேன். தவளக்குப்பம் வரைக்கும் வந்துவிட்டு, வழி தெரியவில்லை என்று கொரியர்காரர் போன் செய்தார். நானே டூவீலரில் போய் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், அது சின்ன ஃப்ளாப்பிக்கு உண்டானது. சட்டைப் பையில் வைக்கலாம் என்பார்களே, அந்தக் கெட்டி பிளாஸ்டிக் ரகம். என்னுடையதோ அதற்கும் முந்தைய பெரிய ரகம், தோசைக் கரண்டியால் திருப்பிப் போடலாம் போல மெலிசாக, வளைந்து கொடுக்கிற கறுப்புச் சதுரம். வீடியோ காலில் பார்த்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மடிச்சி வுட்டுப் பாரேன்" என்றாள். போனை வைத்துவிட்டு நான் அன்றைக்கு மிக்சியைக் கழற்றினேன்.

அப்புறம்தான் நிதானமாகத் தேட ஆரம்பித்தேன். பெரிய ஃப்ளாப்பிக்கு யூஎஸ்பி டிரைவ் என்று கடையில் எதுவுமே இல்லை. ஆனால் உலகத்தில் என்னைப் போலவே வீம்பு பிடித்த ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து ஒரு சின்னப் பலகை செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பச்சைச் சர்க்யூட் பலகை. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறு பக்கம் பழைய டிரைவின் ரிப்பன் கேபிளைச் செருக முப்பத்து நாலு ஊசி. அந்தப் பலகையின் சாமர்த்தியம் என்னவென்றால், ஃப்ளாப்பியில் என்ன கோப்பு இருக்கிறது என்றெல்லாம் அது கேட்பதே இல்லை. உள்ளே இருக்கும் வட்டத் தட்டு சுற்றும்போது காந்தம் எங்கெங்கே மாறுகிறது என்பதை மட்டும் அப்படியே பதிவு செய்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். அர்த்தம் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டரின் பாடு. எந்தக் காலத்து ஃப்ளாப்பியாக இருந்தாலும், எந்த முறையில் எழுதியிருந்தாலும் படித்துவிடலாம் என்றார்கள். எனக்கு அந்தப் பலகையை அப்போதே பிடித்துவிட்டது.

பலகை தபாலில் வந்துவிட்டது. டிரைவ்தான் கிடைக்கவில்லை. மூலக்குளத்தில் பழைய கம்ப்யூட்டர்களை எடைக்கு வாங்கிப் பிரித்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் பெரிய ஃப்ளாப்பி டிரைவ் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாக்கா, சினிமா ஷூட்டிங்குக்கா?"

"இல்லப்பா, என் ஃப்ளாப்பியைப் படிக்கணும்."

"அதுல இன்னா இருக்குது? பத்திரமா?"

"கோலம்" என்றேன்.

கடைக்காரர் எழுந்தார். பின்கட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உருட்டிவிட்டு, திருபுவனையில் ஏதோ ஒரு தொழிற்சாலை கழித்துப்போட்ட மெஷினிலிருந்து எடுத்தது என்று ஒன்றைக் கொண்டு வந்தார். செங்கல் மாதிரி கனம். மேலே ஒரு கைப்பிடித் தூசி. முன்னால் திருகுகிற கதவு. கூடவே அதற்குப் பொருந்தும் ரிப்பன் கேபிளையும், கரண்ட் கொடுக்கப் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒன்றையும் தேடி எடுத்துக் கட்டிக் கொடுத்தார். "படிச்சிட்டா எனக்கும் ஒரு போட்டோ அனுப்புக்கா. இத்த வாங்க வந்த மொத ஆளு நீதான்" என்றார்.

வீட்டில், சாப்பாட்டு மேஜை என் பட்டறை ஆனது. எஸ்எம்பிஎஸ் பெட்டி தானாக உயிர் பிடிக்காது. அதன் பெரிய செருகியில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தால்தான் விசிறி சுற்றும். நான் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் கொல்லையிலிருந்து வந்தார்.

"ஷாக் அடிக்கப் போவுதுடி."

"போர் மோட்டார்ல கை வச்சப்ப அடிக்காத ஷாக்கா இதுல அடிக்கப் போவுது? நகருங்க, வெளிச்சம் மறைக்குது" என்றேன். அவர் நகரவில்லை. ரப்பர் செருப்பைக் கொண்டு வந்து என் கால்பக்கம் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். போட்டுக்கொண்டேன்.

விசிறி சுற்றியது. டிரைவில் விளக்கு எரிந்தது. எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, அணையவே இல்லை. இரண்டு நாள் அந்த விளக்கோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். கேபிளின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பது சும்மா அழகுக்கு இல்லையாம். திருப்பிச் செருகியதும் விளக்கு ஒழுங்காக அணைந்தது. என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் கழற்ற எதுவும் மிச்சமில்லை.

பீரோவிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து வரச் சொன்னேன். அதை வைப்பதும் எடுப்பதும் என் கணவரின் இலாகா. அவர் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து காகித உறையோடு கொடுத்தார். நான் உறையிலிருந்து உருவி, பார்க்காமலே டிரைவில் செருகிக் கதவைத் திருகினேன். அப்படி ஒரு பரபரப்பு.

டிரைவ் ஒரு சத்தம் போட்டது. தேங்காய் துருவுகிற சத்தம். திரையில் ஃப்ளாப்பியின் வரைபடம் வரிசை வரிசையாக வந்தது. படிக்க முடிந்த இடத்துக்கு ஒரு புள்ளி, முடியாத இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. எனக்கு வந்ததெல்லாம் பெருக்கல் குறிதான். அவசரமாக நிறுத்தி ஃப்ளாப்பியை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அன்றைக்குத்தான் அதை முகத்துக்கு நேராகப் பார்த்தேன்.

பெரிய ஃப்ளாப்பியின் கறுப்பு உறையில் ஒரு பக்கம் நீள்வட்டமாகத் திறப்பு ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் உள்ளே இருக்கும் காந்தத் தட்டு வெளியே தெரியும், அதன் வழியாகத்தான் டிரைவின் தலை தொட்டுப் படிக்கும். விரல்கூடப் படக் கூடாது என்று சென்டரில் முதல் நாளே சொல்லித் தந்த இடம். அந்த இடத்தில் சந்தனம். அதன் மேல் குங்குமம். அதன் மேல் போன வருடத்துச் சந்தனம். அதன் மேலும் குங்குமம். சுவரில் சுண்ணாம்பு அடித்தது போலப் படிப்படியாகக் காய்ந்து கிடந்தது.

"இன்னாங்க இது!" என்று நான் போட்ட சத்தத்தில் கொல்லையில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றது.

அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பொட்டுதான். வருசா வருசம் வைக்கறதுதானே."

"அந்த ஓட்டையிலயா வைப்பாங்க?"

"அதுதானே மொகம் மாதிரி இருக்குது" என்றார். "டிராக்டருக்கு நெத்தியில வைக்கல?"

"காயிதக் கவரு போட்டிருந்துச்சே!"

"கவரோட வச்சா பூசை கவருக்குத்தானே போவும்? கழட்டித்தான் வைப்பேன்" என்றார். பயபக்தியோடு செய்திருக்கிறார் மனிதர். பிறகு, இந்த வீட்டில் எல்லா வழக்கையும் முடிக்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னார். "நீதானடி வைக்கச் சொன்ன."

நான்தான் சொன்னேன். கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூசை. மணைமேல் அரிவாள், மண்வெட்டி, மருந்து தெளிக்கிற மெஷின், டிராக்டர் சாவி எல்லாம் வரிசையாக இருந்தன. வீட்டுப் பெண்களுக்கு உண்டானது என்று அரிவாள்மனை ஒன்று மட்டும் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "என் ஆயுதம் அரிவாள்மனை இல்ல, இதுதான்" என்று பெட்டியிலிருந்து ஃப்ளாப்பியைக் கொண்டு வந்து அவரிடம் நீட்டினேன். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் வாங்கி டிராக்டர் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட நான் ஞாபகப்படுத்தியதில்லை, அவரும் மறந்ததில்லை. நான் பொரியும் கடலையும் கிளறிக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பேன், பூவுக்கு அடியில் ஒரு கறுப்பு மூலை தெரியும். மனசு குளிர்ந்துவிடும். கிட்டே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

டிரைவைத் திறந்தால் படிக்கிற தலைக்கும் சந்தனக் காப்பு. காது குடைகிற பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஃப்ளாப்பியை என்ன செய்வது என்று அந்த வெளிநாட்டு வீம்புக்காரர்களின் இணையப் பேச்சுப் பக்கத்தில் போய்க் கேட்டேன். சந்தனம் என்றால் என்ன, ஏன் பூசினீர்கள் என்று அவர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பூஞ்சை பிடித்ததையும் காப்பி கொட்டியதையும் கழுவிப் படித்தவர்கள் அங்கே இருந்தார்கள். உறையின் ஓரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் தட்டை உருவி, உப்பில்லாத சுத்தமான தண்ணீரில் அலசி, துடைத்துத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நிழலில் காயவைத்து, வேறு ஒரு நல்ல உறைக்குள் போடச் சொன்னார்கள். அதில் ஒருவர் எனக்கு ஒரு நல்ல சேதியும் சொன்னார். ஃப்ளாப்பியை இடையில் யாரும் ஓட்டவில்லை, அதனால் தட்டு சுற்றவே இல்லை, எல்லா வருடத்துப் பொட்டும் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கும், மற்ற இடமெல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும் என்றார். என் கணவரிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, எடம் மாத்தாம வச்சேன்" என்று பெருமையாக மீசையைத் தடவினார்.

சுத்தமான தண்ணீருக்கு டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கேன் இருந்தது. மூலக்குளத்துக் கடைக்காரர் உறைக்காக வீணாய்ப் போன ஃப்ளாப்பி இரண்டு கொடுத்தார். என் மகள் ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வந்திருந்த சமயம் அது. மூன்று பேரும் சேர்ந்து எவர்சில்வர் தாம்பாளத்தில் அந்தத் தட்டை அலசினோம். பழுப்பு நிறத்தில், நடுவில் ஓட்டையோடு, பூரி அளவில் இருந்தது. மஞ்சளாகவும் சிவப்பாகவும் தண்ணீர் மாறியது. அவள் போனைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை புது உறையில் போட்டுச் செருகினேன். தேங்காய் துருவுகிற சத்தம் இல்லை. டக், டக் என்று தலை ஒவ்வொரு வட்டமாக உள்ளே நகர்ந்தது. திரையில் புள்ளி. பக்கத்தில் புள்ளி. அடுத்தும் புள்ளி. வரிசை வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனது. நானும் என் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முடிவில் முழுப் படத்திலும் இரண்டே இரண்டு பெருக்கல் குறிகள்.

பழைய கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்கிற மென்பொருள் ஒன்றை அவள் தன் லேப்டாப்பில் போட்டு, படித்து எடுத்ததை அதற்குள் ஏற்றினாள். கறுப்புத் திரையில் கோப்பின் பெயர் வந்தது, கோலம் என்று ஆங்கில எழுத்தில். வரிகளைக் காட்டச் சொன்னாள். பத்து, இருபது, முப்பது என்று எண் போட்ட வரிகள் ஓடின. நான் படிக்கவில்லை, அவள்தான் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்திச் சத்தமாகச் சிரித்தாள்.

நான் அன்று படித்த பேசிக் என்ற புரோகிராம் மொழியில், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரிகளை நமக்காக எழுதி வைக்கலாம். அப்படி ஒரு வரியில், ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தது: 'கரண்ட் போச்சு. இது வரைக்கும் சரி.' இன்னும் கொஞ்சம் கீழே: 'இந்த வளைவு ஒரு சனியன்.' அதற்கும் கீழே: 'சனியன் ஒழிஞ்சது.'

"அம்மா" என்றாள். "இது நீதாம்மா. எந்த புக்ல சனியன்னு எழுதுவான்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து அடித்தவள் இல்லை நான். என் கோபத்தோடு, என் வாயோடு, நானே எழுதியிருக்கிறேன். "ஓட்டுடி" என்றேன்.

ஓட்டினாள். ஏழு வரிசைப் புள்ளிகள் வந்தன. கீழ் இடது மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. வளைந்து, புள்ளியைச் சுற்றி, தன்னையே தாண்டி, இரண்டாவது மூலையைத் திரும்பி, மூன்றாவதையும் திரும்பி வந்தது. மேல் வலது மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டது. கோட்டின் இரண்டு நுனியும் அந்தரத்தில் தொங்கின. இரண்டாவது முறை ஓட்டியும் அதே இடத்தில்தான் நின்றது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். அவ்வளவுதான். "வந்துட்டீங்களா! வந்து பாருங்க, உங்க பொட்டு என் மூலையைத் தின்னுட்டது. அந்த ரெண்டு பெருக்கல் குறி இதுதான். முழுசா முடிச்சி வச்சிருந்தேன், ஒரே கோடா வந்து சேரும்!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போர் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். பதில் பேசுகிற மனிதர் பேசாமல் போனால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

"அம்மா, கொஞ்சம் இரு" என்றாள் மகள். அவள் குரல் மாறியிருந்தது. "அந்த ரெண்டு எடமும் ஃப்ளாப்பியில காலியா இருந்த எடம். உன் புரோகிராம்ல ஒரு எழுத்துகூடப் போகல. கடைசி வரியப் பாரு."

பார்த்தேன். தொள்ளாயிரத்து அறுபது என்று எண் போட்ட வரி. 'மேல் வலது மூலை நாளைக்கு.' அடுத்தது தொள்ளாயிரத்து எழுபது, முடிவு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்த நாள் எனக்குத் திரும்பி வந்தது. என் நேரம் முடிந்துவிட்டது, எழுந்திரு என்று அடுத்த பெண் பின்னால் வந்து நிற்கிறாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சேமித்து, ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு எழுகிறேன். வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்புகள். மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே பூ வைக்க வருகிறார்களாம். அதற்குப் பிறகு நான் அந்த மாடிப்படி ஏறவே இல்லை. நான் அதை முடிக்கவே இல்லை. முடித்தேன், முடித்தேன் என்று சொல்லிச் சொல்லி அந்த ஒரு மூலையை நானே வாயால் போட்டு நிரப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என் முதுகில் கையை வைத்தாள். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொட்டகைக்குப் போனேன். அவர் வாய்க்கால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். "பொட்டு மேல தப்பு இல்லீங்க" என்றேன். "நான்தான் முடிக்கல. நேரம் ஆயிடுச்சுன்னு அடுத்த பொண்ணு வந்து நின்னுட்டா, நாளைக்குன்னு எழுதி வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த 'நாளைக்கு' என்பது அவர் வீட்டார் பூவோடு வந்த நாள்தானே. மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தள்ளினார். பிறகு, "செரி, இப்ப போய் முடி. இன்னா, நேரம் ஆவுதுன்னு யாரு வந்து நிக்கறாங்க?" என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மகள் எழுந்து லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினாள். உதவட்டுமா என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். பழைய கேஸ் பில்லின் பின்பக்கத்தில் புள்ளி வைத்து, மூன்று மூலைக்கும் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முதல் அரை மணி நேரம் வேறு யாரோ எழுதியது போல இருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் புத்தி எப்படிப் போகிறது என்று பிடிபட்டது. கெட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. நாலாவது மூலையில் அதே சனியன் வளைவு கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி வந்தது, ஒரு கூட்டலைக் கழித்தலாக மாற்றினால் போதும். மூன்று முறை கோடு வயலுக்குள் பாய்ந்த மாடு போலத் திரைக்கு வெளியே ஓடியது. சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது முறை ஓட்டியபோது கோடு மேல் வலது மூலையைச் சுற்றியது. நிற்கவில்லை. இறங்கி, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நுழைந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. நான் கூப்பிட்ட கூப்பாட்டில் இருவரும் கரண்டியோடு ஓடி வந்தார்கள். ஆறு முறை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். என் மகள் போட்டோ எடுத்துத் தன் அந்த மூன்று தோழிகளுக்கும் அனுப்பினாள். கீழே அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'எங்க அம்மா எழுதினது' என்று மட்டும்தான் இருந்தது. மூலக்குளத்துக் கடைக்காரருக்கு நான் ஒன்று அனுப்பினேன்.

"ஏம்மா, வரி நம்பரெல்லாம் பத்து பத்தா எகிறுது? ஒண்ணு, ரெண்டுன்னு போட மாட்டீங்களா?" என்று சாப்பிடும்போது கேட்டாள் மகள். இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கு வரி எண்ணே கிடையாதாம்.

"பின்னாடி எதனா விட்டுப்போச்சுன்னா நடுவுல சொருக எடம் வேணும்ல? அதுக்குத்தான் இடைவெளி விட்டு எழுதச் சொல்லுவாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. தொள்ளாயிரத்து அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் ஒன்பது வரிக்கு இடம் இருந்தது. எனக்கு ஏழு போதுமாக இருந்தது. 'நாளைக்கு' என்று எழுதிய வரியை மட்டும் அழிக்கவில்லை.

அந்தப் பச்சைப் பலகைக்குப் படிக்க மட்டுமில்லை, எழுதவும் தெரியும். முடித்த கோலத்தை அதே தட்டில் எழுதிக் காகித உறையில் போட்டு என் கணவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் பீரோவில் வைத்தார்.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. மணைமேல் எல்லாம் வரிசையாக இருந்தன, டிராக்டர் சாவிக்குப் பக்கத்தில் ஃப்ளாப்பி. இந்த முறை நான் பொரியை அடுக்களையில் விட்டுவிட்டு அருகிலேயே நின்றேன். அவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஃப்ளாப்பியை உறையிலிருந்து உருவினார், விரலில் சந்தனம் தொட்டார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க வைக்கறது?"

லேபிள் ஒட்டிய மூலையைக் காட்டினேன். கையை வாகாகச் சாய்த்து, திறப்பின் பக்கம் விரல் போகாமல், சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். குங்குமமும் வைத்தார். தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"இந்த வருசம் உள்ள புதுசா எதனா இருக்குதா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏழு வரி" என்றேன்.